லினக்ஸில் விண்டோஸ் கேம்கள்: புரோட்டானா, டூயல் பூட்டா, கிளவுடா?

விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியதிலிருந்து இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. கணினி நன்றாகத்தான் இருக்கிறது, விண்டோஸ் 11 அதை ஏற்க மறுக்கிறது, லினக்ஸ் போட்டுக்கொள்ளவும் தயார். ஆனால் கேம்களை என்ன செய்வது? வேறு சிலர் லினக்ஸுக்கு வந்து பல வருடம் ஆகியிருக்கும். கேமுக்காக மட்டும் வட்டின் ஒரு பகுதியில் (பார்டிஷனில்) விண்டோஸைக் கட்டிக் காப்பாற்றிக்கொண்டிருப்பார்கள். அது இன்னும் தேவையா என்பது அவர்களுடைய கேள்வி.

விசாரித்துப் பார்த்தால் ஒருவர் "எல்லாமே ஓடுகிறது, கவலையே வேண்டாம்" என்பார். இன்னொருவர் "நான் ஆடுவது எதுவும் ஓடவில்லை" என்பார். இருவர் சொல்வதும் உண்மைதான். தனியாக உட்கார்ந்து கதை கேம்கள் ஆடுகிறவருக்கு முதல் பதில் பொருந்தும். நண்பர்களோடு ஆன்லைன் போட்டி கேம் மட்டும் ஆடுகிறவருக்கு இரண்டாவது பொருந்த நிறையவே வாய்ப்பு. அதனால் எந்த வழி நல்லது என்று தேடுவதற்கு முன்னால், கடந்த மூன்று மாதத்தில் நீங்கள் உண்மையாகவே ஆடிய கேம்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். தள்ளுபடியில் வாங்கி இன்னும் திறக்காமல் கிடப்பவை கணக்கில் வேண்டாம். எந்த டிஸ்ட்ரோ (லினக்ஸின் எந்த வடிவம்), எவ்வளவு எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை பிரேம்) என்ற கேள்விகளெல்லாம் அந்தத் தாளுக்குப் பிறகுதான்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல் ஆன்டி-சீட். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதி முடிவை இதுவே எடுத்துவிடுகிறது.

ஆன்லைன் போட்டிகளில் ஏமாற்றுகிறவர்களைப் பிடிக்க வைக்கும் இந்த மென்பொருள்களில் சில, விண்டோஸின் கெர்னல் எனப்படும் மையப் பகுதியிலேயே உட்கார்ந்து கணினியைக் கண்காணிப்பவை. லினக்ஸில் அந்தக் கெர்னலே இல்லை, எனவே அவை ஏற வழியில்லை. ரயட் நிறுவனத்தின் வான்கார்ட் இந்த வகை. அதனால்தான் வேலரன்ட் லினக்ஸில் ஓடுவதில்லை. லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ் பல வருடம், விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டும் வைன் என்ற மென்பொருள் வழியாக ஓடிக்கொண்டிருந்தது. 2024இல் அதற்குள்ளும் வான்கார்ட் வந்தது, அத்தோடு நின்றுபோனது.

ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ என்ற மற்ற இரண்டு ஆன்டி-சீட்களின் கதை வேறு. 2021 செப்டம்பரில் இரண்டுமே, ஸ்டீமில் விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட்டும் புரோட்டானை (விவரம் கீழே) ஆதரிப்பதாக அறிவித்தன. ஆனால் அந்த ஆதரவு தானாக வந்துவிடாது, கேமை உருவாக்கிய நிறுவனம் அதற்கு அனுமதி கொடுக்க வேண்டும். எல்டன் ரிங்கில் ஈஸி ஆன்டி-சீட் இருக்கிறது, லினக்ஸில் ஆன்லைனிலும் ஓடுகிறது. ரெயின்போ சிக்ஸ் சீஜில் பேட்டில்ஐ இருக்கிறது, ஓடுவதில்லை. இதில் பெரிய வேடிக்கை ஃபோர்ட்நைட்: ஈஸி ஆன்டி-சீட்டின் உரிமையாளரே எபிக் நிறுவனம்தான், ஆனாலும் தன் சொந்த கேமை லினக்ஸுக்குத் திறந்துவிடவில்லை.

திறந்த கதவு மூடப்படுவதும் உண்டு. ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ் லினக்ஸில் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. ஏமாற்றுக்காரர்கள் அந்த வழியாக நுழைகிறார்கள் என்று சொல்லி 2024 அக்டோபர் 31 அன்று தடுத்துவிட்டார்கள். ஜிடிஏ ஆன்லைனும் அதே வருடம் செப்டம்பரில் பேட்டில்ஐ சேர்க்கப்பட்டதும் கை நழுவியது. அதன் தனிநபர் கதைப் பகுதி மட்டும் இன்றும் ஓடும். ஆகவே ஒரு போட்டி கேம் "இன்று ஓடுகிறது" என்பதற்கு மேல் யாரும் வாக்குக் கொடுக்க முடியாது.

மற்ற அளவுகோல்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்.

கேமை எங்கே வாங்கினீர்கள் என்பது இரண்டாவது. ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் வாங்கியிருந்தால் வேலை மிகக் குறைவு. எபிக், ஜிஓஜி கடைகள் என்றால் கொஞ்சம் கூடுதல். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலோ பிசி கேம் பாஸிலோ இறக்கியவை என்றால் லினக்ஸில் நேரடியாக ஓட்டும் எண்ணத்தையே விட்டுவிடலாம்.

மூன்றாவது கிராபிக்ஸ் கார்டு. விண்டோஸின் டைரக்ட்எக்ஸ் கிராபிக்ஸ் முறையில் செய்த கேம்களை லினக்ஸில் ஓட்டும் இன்றைய வழிகள் எல்லாமே வல்கன் என்ற கிராபிக்ஸ் தொழில்நுட்பத்தின் மேல் நிற்கின்றன. உங்கள் கார்டுக்கு வல்கன் 1.3 ஆதரவு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். என்விடியா 600, 700 வரிசைகளில் பெரும்பாலான கார்டுகள் 1.2உடன் நின்றுவிட்டன. பழைய கணினியைக் காப்பாற்றத்தான் லினக்ஸுக்கு வருகிறோம் என்பவர்கள் தடுக்கி விழும் கல் இது.

நான்காவது உங்கள் நேரம். கேம் ஓடவில்லை என்றால் ஒரு மணி நேரம் தேடிச் சரிசெய்வது சிலருக்குப் பொழுதுபோக்கு. சிலருக்கு அந்த ஒரு மணி நேரம்தான் ஆட இருந்த மொத்த நேரமே.

கடைசியாக, நாளைக்கு இந்த வழி மூடினால் கையில் என்ன மிஞ்சும் என்பது. சேவ் ஃபைல்கள் எங்கே இருக்கின்றன, வாங்கிய கேம் உங்களுடையதா, வாடகைக்கு எடுத்ததா?

## ஸ்டீமும் புரோட்டானும்

புரோட்டான் என்பது ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் 2018 ஆகஸ்டில் வெளியிட்ட கருவி. அதன் அடித்தளம் 1993இல் தொடங்கிய வைன். விண்டோஸ் நிரல் கேட்பதையெல்லாம் லினக்ஸுக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுப்பது வைனின் வேலை. அதன் மேல் டைரக்ட்எக்ஸ் 11 வரையிலான கேம்களை வல்கனுக்கு மாற்ற டிஎக்ஸ்விகே, டைரக்ட்எக்ஸ் 12க்கு விகேடி3டி-புரோட்டான் என்ற இரண்டு அடுக்குகள். இவையெல்லாம் ஸ்டீமுக்குள்ளேயே அடங்கிவிடுவதால் நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: ஸ்டீமை நிறுவி, அமைப்புகளில் 'கம்பாட்டிபிலிட்டி' பகுதியைப் பார்த்து, கேமை இறக்கி, பிளே பொத்தானை அழுத்துவது.

2022 பிப்ரவரியில் வால்வின் கையடக்க கேம் கருவியான ஸ்டீம் டெக் வந்த பிறகு இதன் தரம் வெகுவாக உயர்ந்தது. அந்தக் கருவியே லினக்ஸில்தான் ஓடுகிறது என்பதால், கேம் ஓடாவிட்டால் வால்வுக்கு நேரடியாக நஷ்டம். எல்டன் ரிங் வெளிவந்த நாட்களில் விண்டோஸில் ஆடியவர்கள் திக்கித் திணறும் காட்சிகளைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தபோது, புரோட்டான் பக்கம் வால்வ் அதைச் சரிசெய்து கொடுத்துவிட்டது. 2025 அக்டோபரில் ஸ்டீம் பயனர் கணக்கெடுப்பில் லினக்ஸின் பங்கு முதல்முறையாக 3 சதவீதத்தைத் தாண்டியது. சின்ன எண்தான். ஆனாலும் கேம் நிறுவனங்கள் இப்போது அதை எட்டிப் பார்க்கின்றன.

வேகம் எப்படி? ஏஎம்டி கார்டு என்றால் பல கேம்களில் விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் இருக்காது, சிலவற்றில் லினக்ஸ் முந்தும். என்விடியா கார்டில் டைரக்ட்எக்ஸ் 11 கேம்கள் பரவாயில்லை. டைரக்ட்எக்ஸ் 12 கேம்களில் விண்டோஸைவிடக் குறிப்பிடத்தக்க அளவு சரிவு வருவது தெரிந்த குறை. புது கார்டு வாங்கப் போகிறீர்கள், லினக்ஸில்தான் ஆடப் போகிறீர்கள் என்றால் நான் ஏஎம்டி பக்கம்தான் கை காட்டுவேன்.

இனி யாரும் முன்கூட்டிச் சொல்லாத செலவுகள். ஒவ்வொரு கேமுக்கும் ஸ்டீம் ஒரு தனி போலி விண்டோஸ் அடைவை உருவாக்கும். கிளவுட் சேவ் இல்லாத கேம் என்றால் உங்கள் சேவ் ஃபைலும் அதற்குள்தான் இருக்கும். "ஏதோ கோளாறு, அடைவை அழித்துவிட்டு மறுபடி முயன்று பார்" என்ற அறிவுரையைக் கேட்டு அழித்தால் நாற்பது மணி நேர ஆட்டமும் சேர்ந்து போய்விடும். முதலில் நகல் எடுங்கள்.

ஷேடர்களை (காட்சிகளை வரையும் சிறு நிரல்களை) முன்கூட்டியே தயார் செய்வதால் சில கேம்கள் திறக்கவே சில நிமிடம் ஆகும், வட்டிலும் கொஞ்சம் இடம் போகும். சில கேம்களில் இடையில் வரும் வீடியோக் காட்சிக்குப் பதிலாகத் தொலைக்காட்சியின் பழைய வண்ணப் பட்டைகள் மாதிரி ஒரு படம் வரும். காப்புரிமை உள்ள வீடியோ வடிவங்களை வால்வ் நேரடியாகச் சேர்த்துக் கொடுக்க முடியாததன் விளைவு அது. சமூகத்தில் உருவாகும் ஜிஇ-புரோட்டான் என்ற மாற்று வடிவத்தைப் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். டெனூவோ என்ற திருட்டு நகல் தடுப்புப் பாதுகாப்பு உள்ள கேமில் இப்படிப் புரோட்டான் வடிவங்களை மாற்றி மாற்றி முயல்வது ஆபத்து. ஒவ்வொரு மாற்றத்தையும் அது ஒரு புதிய கணினியாக எண்ணி, சில முயற்சிகளுக்குப் பிறகு ஒரு நாள் முழுக்க உங்களை வெளியே நிறுத்திவிடும்.

கேமை வாங்குவதற்கு முன் புரோட்டான்டிபி தளத்தைப் பாருங்கள். பிளாட்டினம், கோல்டு என்ற பட்டத்தை மட்டும் பார்த்து நிற்காமல், கடைசி சில மாதங்களில் உங்களுடையது போன்ற கார்டு உள்ளவர்கள் எழுதியதைப் படியுங்கள். ஆன்லைன் பகுதி ஓடுகிறதா என்பதையும் அங்கேயே தேடுங்கள். தனி ஆட்டத்துக்காகக் கிடைத்த நல்ல மதிப்பெண் அதை மறைத்துவிடும். அப்படியும் சந்தேகம் என்றால் வாங்கிப் பார்த்துவிடலாம். வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் ஸ்டீம் பணத்தைத் திருப்பித் தரும். லினக்ஸில் ஓடுமா என்று சோதிக்க இதைவிட மலிவான வழி இல்லை.

ஒரு சின்ன விஷயம். சில கேம்களுக்கு லினக்ஸுக்கென்றே செய்த பதிப்பும் இருக்கும். அதுதான் சிறந்தது என்று நினைக்கத் தோன்றும். டோட்டா 2, கவுன்டர்-ஸ்டிரைக் 2 போல இன்னும் பராமரிக்கப்படுபவை என்றால் சரி. வெளியிட்டவர்களே மறந்துபோன பழைய லினக்ஸ் பதிப்பு என்றால், அதை விட்டுவிட்டு விண்டோஸ் பதிப்பைப் புரோட்டானில் ஓட்டுவதே பல சமயம் நிம்மதி.

## ஸ்டீமுக்கு வெளியே: ஹீரோயிக், லூட்ரிஸ், பாட்டில்ஸ்

அடியில் இருப்பது அதே வைன், அதே டிஎக்ஸ்விகே. மேலே இருக்கும் லாஞ்சர், அதாவது கேமை இறக்கித் திறக்கும் மென்பொருள்தான் வேறு. எபிக், ஜிஓஜி, அமேசான் கணக்குகளில் உள்ள கேம்களுக்கு ஹீரோயிக் போதும். கணக்கில் நுழைந்து இறக்கிக்கொள்ள வேண்டியதுதான். லூட்ரிஸ் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் திரட்டுவது. பயனர்கள் எழுதிய நிறுவல் ஸ்கிரிப்டுகள் அதில் நிறைய உண்டு, அவற்றில் சில காலாவதியானவையும் உண்டு. பாட்டில்ஸ் ஒவ்வொரு நிரலுக்கும் தனித்தனிச் சூழல் அமைத்துக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு. காசு கொடுத்து ஆதரவோடு வேண்டும் என்றால் கோட்வீவர்ஸ் நிறுவனத்தின் கிராஸ்ஓவர் இருக்கிறது. வைனுக்கு அதிகம் பங்களித்திருக்கும் நிறுவனம் அது, புரோட்டானிலும் வால்வோடு சேர்ந்து வேலை செய்தது.

இந்த வழியின் உண்மையான தலைவலி கேமில் இருந்து வருவதைவிட லாஞ்சரில் இருந்துதான் அதிகம் வருகிறது. இஏ, யூபிசாஃப்ட், பேட்டில்.நெட் போன்றவற்றின் லாஞ்சர்கள் தாமாகவே அப்டேட் ஆகும். நேற்று வரை ஓடிய கேம் இன்று திறக்காது. கேமில் ஒரு எழுத்துகூட மாறியிருக்காது. சில நாளில் யாராவது தீர்வு கண்டுபிடிப்பார்கள். அதுவரை காத்திருக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

ஜிஓஜி இதில் விதிவிலக்கு. லாஞ்சர் கட்டாயம் இல்லை, பூட்டும் இல்லை, நிறுவல் ஃபைலை எடுத்து வைத்துக்கொள்ளலாம். பழைய கேம்களில் ஆசை உள்ளவர்களுக்கு இன்னொரு நன்மை: 16 பிட் நிரல்களை 64 பிட் விண்டோஸ் ஓட்டவே ஓட்டாது, வைன் ஓட்டும். தொண்ணூறுகளின் குறுந்தகடு ஒன்றை வைத்துக்கொண்டு புது விண்டோஸோடு மல்லுக்கட்டுகிறவர்கள் லினக்ஸில் ஒருமுறை முயன்று பார்க்கலாம்.

ஒரே கேம் ஸ்டீமிலும் இன்னொரு கடையிலும் ஒரே மாதிரி விலையில் கிடைத்தால், லினக்ஸ்காரர் ஸ்டீமில் வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

## டூயல் பூட்

ஒரே கணினியில் இரண்டு இயங்குதளம், வேண்டியபோது வேண்டியதைத் திறப்பது. ஆன்டி-சீட் பிரச்சினைக்கு முழுமையான விடை இது ஒன்றுதான். வேகத்திலும் எந்த இழப்பும் இல்லை. அதனால் இதைப் பழைய முறை என்று ஒதுக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆனால் இதன் சில்லறைச் செலவுகள் ஏராளம். முதலில் இடம். விண்டோஸ் 11க்குக் குறைந்தது 64 ஜிபி என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. அதன் மேல் இன்றைய பெரிய கேம் ஒன்று 100 ஜிபியைச் சாதாரணமாகத் தாண்டும். இரண்டு பக்கமும் ஒரே கேம் நூலகத்தைப் பகிர்ந்துகொள்ளலாமே என்று விண்டோஸின் என்டிஎஃப்எஸ் பார்டிஷனில் புரோட்டானை ஓட்டினால் வம்புதான். விண்டோஸ் ஏற்காத பெயர்களில் புரோட்டான் சில ஃபைல்களை உருவாக்கும், விண்டோஸின் வட்டுச் சோதனை அவற்றைக் கெடுக்கும். லினக்ஸ் கேம்களுக்கு லினக்ஸ் பார்டிஷன் என்று தனியாகவே வைத்துவிடுங்கள்.

விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' அணைக்கப்படாவிட்டால், விண்டோஸ் உண்மையில் முழுதாக அணைவதில்லை. லினக்ஸில் அந்த வட்டைத் திறந்தால் எழுத விடாது. கடிகாரமும் குழம்பும், ஏனென்றால் கணினியின் உள் கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகப் படிக்கிறது, லினக்ஸ் யூடிசி எனப்படும் உலகப் பொது நேரமாகப் படிக்கிறது. புளூடூத் கன்ட்ரோலரை ஒவ்வொரு தடவை மாறும்போதும் புதிதாக இணைக்க வேண்டியிருக்கும். மூன்றுக்கும் தீர்வு உண்டு, ஒவ்வொன்றுக்கும் அரை மணி நேரம் போகும்.

பெரிய ஆபத்து பூட் ஆவதில்தான். 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட், டூயல் பூட் கணினிகள் பலவற்றில் லினக்ஸைத் திறக்க விடாமல் செய்தது. மைக்ரோசாஃப்ட் அதை ஒப்புக்கொண்டது. இடம் இருந்தால் இரண்டுக்கும் தனித்தனி வட்டு போடுங்கள். முழுதாகத் தப்பிவிட முடியாது என்றாலும், ஒன்று கெட்டால் மற்றதைத் திறக்க ஒரு வழி மிஞ்சும். வட்டைக் குறியாக்கம் செய்து பூட்டும் விண்டோஸின் பிட்லாக்கர் இருந்தால், பார்டிஷனைத் தொடுவதற்கு முன் அதன் மீட்புக் குறியீட்டை வேறொரு இடத்தில் எழுதி வையுங்கள். இது தவிர்த்துவிடலாம் என்கிற வேலை இல்லை.

புதிய போட்டி கேம்கள் இன்னொரு முடிச்சையும் போடுகின்றன. 2025 அக்டோபரில் வந்த பேட்டில்ஃபீல்டு 6, கையொப்பமுள்ள மென்பொருளை மட்டும் துவங்க விடும் செக்யூர் பூட் இயங்கினால்தான் திறக்கும். அதை இயக்கினால் லினக்ஸ் பக்கம் என்விடியா டிரைவரைக் கையொப்பமிட்டு ஏற்றும் வேலை வரலாம். உபுண்டு போன்றவை இதைப் பெரும்பாலும் தாமே பார்த்துக்கொள்ளும், எல்லா டிஸ்ட்ரோக்களும் அப்படி இல்லை.

கடைசிச் செலவு எண்களில் வராது. ஒரு ஆட்டம் ஆடலாம் என்று தோன்றும்போது எல்லாவற்றையும் மூடி, மறுபடி துவக்கி, அங்கே காத்திருக்கும் அப்டேட்டுகளை முடித்து உட்கார வேண்டும். கொஞ்ச நாளில் இரண்டில் ஒன்று நடக்கிறது: ஒன்று கேமை மறந்துவிடுகிறோம், இல்லையென்றால் லினக்ஸை.

## மெய்நிகர் கணினியும் கிராபிக்ஸ் கார்டைக் கடத்திவிடுவதும்

லினக்ஸுக்குள்ளேயே ஒரு மெய்நிகர் விண்டோஸை ஓட்டி, உண்மையான கிராபிக்ஸ் கார்டு ஒன்றை முழுதாக அதனிடம் ஒப்படைப்பது. கேவிஎம், கியூஎம்யூ, விஎஃப்ஐஓ என்ற பெயர்கள் உங்களுக்குப் பழக்கமானவை என்றால் நான் சொல்ல ஒன்றும் இல்லை. புதியவை என்றால் கேமுக்காக மட்டும் இதில் இறங்காதீர்கள்.

இதற்கு வசதியாக இரண்டு கிராபிக்ஸ் அலகுகள் வேண்டும், ஒன்று செயலிக்குள் இருப்பதாக இருந்தாலும் சரி. மதர்போர்டில் ஐஓஎம்எம்யூ ஆதரவு (கார்டை மெய்நிகர் கணினியிடம் ஒப்படைக்க உதவுவது) ஒழுங்காக இருக்க வேண்டும், நினைவகத்தில் பாதியையாவது விட்டுக்கொடுக்க வேண்டும். எல்லாம் அமைந்தால் வேகம் கிட்டத்தட்ட நேரடி விண்டோஸ் அளவுக்கு வரும், கணினியை மறுபடி துவக்கும் தொல்லையும் இல்லை. என்விடியா தன் கேமிங் கார்டுகளை இப்படிப் பயன்படுத்த விடாமல் டிரைவரில் வைத்திருந்த தடையை 2021இல் எடுத்துவிட்டது.

இவ்வளவு பாடுபட்ட பிறகு பார்த்தால், வான்கார்ட் போன்ற ஆன்டி-சீட்கள் மெய்நிகர் கணினியைக் கண்டதும் கதவை மூடிவிடும். ஒளித்து ஏமாற்றப் பார்த்தால் கணக்கே தடைபடலாம். ஆக எந்தக் கேமுக்காக விண்டோஸ் தேவைப்பட்டதோ அதுவே இங்கே ஓடாமல் போகும் நிலை. விண்டோஸிலேயே ஓடும் வடிவமைப்பு மென்பொருள் ஒன்றையும் கேமையும் ஒரே இடத்தில் வைத்துக்கொள்ள வேண்டியவர்களுக்கு இது அர்த்தமுள்ளது. மற்றவர்களுக்கு இதைக் கட்டமைப்பதே ஒரு கேம்.

## கிளவுட் கேமிங்

கேம் எங்கோ ஒரு சர்வரில் ஓடும். உங்களுக்கு வருவது வீடியோ மட்டும். என்விடியாவின் ஜிஃபோர்ஸ் நவ் சேவையில் ஸ்டீம், எபிக் கணக்குகளில் நீங்கள் ஏற்கெனவே வாங்கியவற்றை ஆடலாம். எக்ஸ்பாக்ஸ் கிளவுட் கேமிங் சந்தா அடிப்படையில் ஓடுவது, பிரவுசரிலேயே திறக்கும். லினக்ஸில் ஓடாத ஃபோர்ட்நைட், ஏபெக்ஸ் போன்றவை இந்த வழியில் ஓடும் என்பதுதான் இதன் பெரிய கவர்ச்சி. கணினி பழையதா, கார்டு எது, டிரைவர் எது என்ற பேச்சே இல்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1080பி தரத்தில் நொடிக்கு 60 பிரேம் வேண்டும் என்றால் சுமார் 25 எம்பிபிஎஸ் வேகம் தேவை. ஒரு மணி நேரத்துக்கு அது 11 ஜிபிக்கு மேல். அளவு கட்டுப்பாடு உள்ள இணைப்பு என்றால் மாத நடுவிலேயே மூச்சு வாங்கும். வேகத்தைவிட முக்கியம் சர்வர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது. பொத்தானை அழுத்துவதற்கும் திரையில் நடப்பதற்கும் இடையே வரும் தாமதம் திட்டமிட்டு ஆடும் கேம்களில் தெரியாது, துப்பாக்கிச் சண்டையில் உயிரை எடுக்கும். வைஃபை வேண்டாம், கேபிளைச் செருகுங்கள்.

மோட்கள் (கேமை மாற்றியமைக்கும் சேர்க்கைகள்) போட முடியாது, அல்லது மிகக் குறைவாகத்தான் முடியும். நீங்கள் வாங்கிய கேம் எல்லாம் அங்கே இருக்கும் என்ற உறுதியும் இல்லை. 2020இல் ஆக்டிவிஷன் பிளிசார்ட் தன் கேம்களை ஜிஃபோர்ஸ் நவ்விலிருந்து எடுத்துக்கொண்டது. கூகுளின் ஸ்டேடியா 2023 ஜனவரி 18 அன்று மொத்தமாகவே மூடப்பட்டது. வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், அது நல்ல விஷயம். அடுத்து மூடுகிறவரும் அப்படியே செய்வார் என்று எழுதிக்கொடுத்தவர் யாரும் இல்லை.

## ஒரே பார்வையில்

| | புரோட்டான் | ஸ்டீமுக்கு வெளியே வைன் | டூயல் பூட் | மெய்நிகர் கணினி | கிளவுட் |
|---|---|---|---|---|---|
| கெர்னல் ஆன்டி-சீட் கேம் | ஓடாது | ஓடாது | ஓடும் | பெரும்பாலும் தடை | பட்டியலில் இருந்தால் ஓடும் |
| தனிநபர் கேம் | மிக நன்று | நன்று | மிக நன்று | நன்று | பட்டியலில் இருந்தால் |
| தேவையான கார்டு | வல்கன் 1.3 | வல்கன் 1.3 | எதுவும் | இரண்டு இருந்தால் நல்லது | வேண்டியதில்லை |
| தொடக்க வேலை | மிகக் குறைவு | நடுத்தரம் | நடுத்தரம் | மிக அதிகம் | இல்லை |
| தொடர்ந்து வரும் தொல்லை | அவ்வப்போது | லாஞ்சர் அப்டேட்டுகள் | விண்டோஸ் அப்டேட்டுகள், இடம் | இரு பக்கப் பராமரிப்பு | சந்தா, இணைப்பு |
| விண்டோஸ் உரிமம் | வேண்டாம் | வேண்டாம் | வேண்டும் | வேண்டும் | வேண்டாம் |

வல்கன் 1.3 இல்லாத கார்டிலும் டிஎக்ஸ்விகேயின் 1.10 வரிசையை வைத்துப் பழைய கேம்களை ஓட்டலாம். அட்டவணைக்குள் அடங்காததால் இங்கே சொல்கிறேன்.

## யாருக்கு எது

உங்கள் தாளில் இருப்பதெல்லாம் தனிநபர் கேம்கள், பெரும்பாலும் ஸ்டீமில் வாங்கியவை என்றால் யோசிக்கவே வேண்டாம், புரோட்டான். விண்டோஸ் பார்டிஷனை ஒரு மாதம் தொடாமல் இருந்து பார்த்துவிட்டு அழித்துவிடலாம்.

எபிக் தரும் இலவச கேம்களைச் சேர்த்து வைத்திருப்பவர், ஜிஓஜி ரசிகர்: ஹீரோயிக்.

தாளில் ஒரே ஒரு கெர்னல் ஆன்டி-சீட் கேம் இருக்கிறது, ஆனால் அதுதான் நண்பர்களோடு தினமும் ஆடுவது என்றால் டூயல் பூட், முடிந்தால் தனி வட்டில். அந்தக் கேமை மாதத்துக்கு ஒருமுறைதான் தொடுகிறீர்கள் என்றால் முதலில் கிளவுடில் முயலுங்கள். அதற்காக 64 ஜிபியையும் ஒரு முழு இயங்குதளத்தையும் வளர்ப்பது அதிகம்.

தரவரிசைக்காக, போட்டிக்காக ஆடுகிறவர், தாளில் பாதிக்கு மேல் அந்த வகைதான் என்றால் கேமுக்கு விண்டோஸையே முதன்மையாக வைத்துக்கொள்ளுங்கள். லினக்ஸை மற்ற வேலைகளுக்கு வைத்துக்கொள்வதில் எந்தக் குறைச்சலும் இல்லை.

பழைய மடிக்கணினி, விண்டோஸ் 11 ஏறாது, கார்டும் வல்கன் 1.3க்கு முந்தையது என்றால் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: பழைய கேம்களும் சிறிய இண்டி கேம்களும் வைனில், புதியவை கிளவுடில். இணைப்பு நன்றாக இருக்கிறதா என்று ஜிஃபோர்ஸ் நவ்வின் இலவச அடுக்கில் ஒரு மாலை சோதித்துவிட்டுப் பிறகு சந்தா கட்டுங்கள். சோதிப்பதை ஞாயிறு காலையில் வைத்துக்கொள்ளாமல், நீங்கள் வழக்கமாக ஆடும், எல்லோரும் இணையத்தில் இருக்கும் அந்த இரவு நேரத்தில் செய்யுங்கள்.